நைரோபி எப்படி ஊரானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைரோபிக்கு வேலை மாறி வருகிற நம்மூர்க்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். சிங்கக் கதையில் ஆரம்பிப்பார்கள், அப்புறம் ரயில், அப்புறம் "இந்தியர்கள் எப்படி இங்கே வந்தார்கள்" என்று போகும், கடைசியில் கிபேரா குடிசைப் பகுதியில் வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன். கென்யா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த காலனிக் காலம்தான் விஷயம், 1896 வாக்கிலிருந்து சுதந்திரம் கிடைத்த 1963 வரை. அதற்குப் பிந்தியது தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

நைரோபி பழைய ஊரா? மொம்பாசா மாதிரி?

இல்லை, சின்ன வயசு ஊர். மொம்பாசா பல நூறு வருஷமாக அரபு, பாரசீக, குஜராத்திக் கப்பல்கள் வந்து போன துறைமுகம். நைரோபியில் 1899க்கு முன்னால் ஊர் என்று எதுவும் கிடையாது. பக்கத்து மச்சாகோஸ்கூட இதைவிட மூத்தது, பிரிட்டிஷ் நிர்வாகம் அந்த உட்பகுதியில் முதலில் உட்கார்ந்தது அங்கேதான். ரயில் மச்சாகோஸைத் தொடாமல் போனதால் அது பின்தங்கிவிட்டது.

பெயர் மாசாய் மொழியிலிருந்து வந்தது. "என்காரே நைரோபி" என்றால் குளிர்ந்த நீர். ஆற்றுக்கு வைத்த பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது.

சரி, யார் தொடங்கினது? ஒரு ஆளைச் சொல்லுங்க.

ஒரே ஆளைச் சொல்ல முடியாது. 1896ல் ராயல் இன்ஜினியர்ஸைச் சேர்ந்த சார்ஜன்ட் ஜார்ஜ் எல்லிஸ் என்பவர் அங்கே ஒரு கிடங்கு போட்டார், உள்நாட்டுக்குப் போகிற மாட்டு வண்டிகளும் கோவேறு கழுதைகளும் நின்று போக. 1899 மே கடைசியில் தண்டவாளம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது, மொம்பாசாவிலிருந்து 327 மைல். ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் வைட்ஹவுஸ், அங்கேயே பெரிய யார்டும் பட்டறையும் தலைமை அலுவலகமும் வைப்பது என்று முடிவு செய்தார். அதே வருஷம் மாகாண அதிகாரி ஜான் ஐன்ஸ்வர்த் மச்சாகோஸிலிருந்து தன் அலுவலகத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்.

ஆக, யாரும் "இங்கே ஒரு நகரம் அமைப்போம்" என்று திட்டம் போட்டு ஆரம்பித்ததல்ல. ரயில்வேக்கு ஒரு யார்டு தேவைப்பட்டது, அதைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது. இதை மனசில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற பல சிக்கல்கள் சுலபமாகப் புரியும்.

கடலும் இல்ல, ஏரியும் இல்ல. அந்த இடத்தைப் போய் ஏன் பிடிச்சாங்க?

ரயில்காரர் கண்ணால் பாருங்கள். மொம்பாசாவிலிருந்து ஏறிக்கொண்டே வரும் பாதையில் இதுதான் கடைசிச் சமதளம். இதைத் தாண்டினால் கிகுயு மேட்டில் செங்குத்தான ஏற்றம், அதற்கப்புறம் ரிஃப்ட் பள்ளத்தாக்குக்குள் பயங்கரமான இறக்கம். அந்த இறக்கத்தில் முதலில் பெட்டிகளைக் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள். அந்த வேலை தொடங்கும் முன் இஞ்சின்களையும் சாமான்களையும் ஆட்களையும் நிறுத்தி வைக்க அகலமான தரை வேண்டும், தண்ணீர் வேண்டும். இரண்டும் இங்கே இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 5,400 அடிக்கு மேல் என்பதால் குளிரும் இருந்தது, ஐரோப்பியர்களுக்கு அது பெரிய ஈர்ப்பு.

ஆனால் ஊர் கட்ட நல்ல இடமா என்றால் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் வடியாத சதுப்பு அது. சமவெளிப் பக்கம் முழுக்க நம்ம கோவில்பட்டிப் பக்கம் பார்க்கிற மாதிரி கரிசல் மண், மழையில் குழம்பாகும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மேற்கே கொஞ்சம் ஏறினால் செம்மண் மேடு, மரங்கள், நல்ல வடிகால். இந்தக் கரிசல், செம்மண் வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே குடியிருந்தார்கள் என்ற கதைக்கு இது வேண்டியிருக்கும்.

ரயிலை முதல்ல எதுக்குப் போட்டாங்க? அங்க என்ன வியாபாரம் இருந்துச்சு?

பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் பெயரே உகாண்டா ரயில்வே, ஆனால் பாதை முழுக்க இன்றைய கென்யாவுக்குள்தான் ஓடியது. நைல் நதியின் ஊற்றான விக்டோரியா ஏரிப் பக்கத்தை ஜெர்மானியர்கள் பிடித்துவிடாமல் தங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே பிரிட்டனின் முக்கியக் கணக்கு. அடிமை வியாபாரத்தை ஒழிப்போம் என்றும் சொன்னார்கள். 1896ல் மொம்பாசாவில் தொடங்கிய மீட்டர் கேஜ் பாதை 1901 டிசம்பரில் ஏரிக்கரையில் இன்றைய கிசுமுவை எட்டியது, மொத்தம் 582 மைல். செலவு 50 லட்சம் பவுண்டுக்கு மேல். லண்டன் நாடாளுமன்றத்தில் ஹென்றி லபூஷேர் இதைப் பைத்தியக்காரப் பாதை என்றே கிண்டலடித்தார்.

இந்தச் செலவுதான் அடுத்து நடந்ததற்கெல்லாம் வேர். இவ்வளவு பணம் போட்டாகிவிட்டது, ரயிலில் ஏற்ற சரக்கு வேண்டும், சரக்கு விளைவிக்க ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அங்கே ஏற்கெனவே விவசாயம் செய்துகொண்டிருந்த ஆப்பிரிக்கர்களை அந்த ஆட்களாக அவர்கள் எண்ணவில்லை. 1901 முதல் 1904 வரை ஆணையராக இருந்த சார்ல்ஸ் எலியட் வெள்ளைக் குடியேறிகளை வா வா என்று அழைத்தார், மேட்டு நிலங்களை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சந்தைக்கும் வங்கிக்கும் ஹோட்டலுக்கும் வந்து போகும் ஊராக நைரோபி மாறியது.

ஆளைக் கொன்ற சிங்கமெல்லாம் நைரோபியிலயா?

பிரபலமான அந்த இரண்டு சிங்கங்கள் சாவோவில், அதாவது மொம்பாசாவுக்குப் பக்கமாக, பாலம் கட்டும்போது. 1898 மார்ச் முதல் டிசம்பர் வரை தொழிலாளர்களைத் தூக்கிக்கொண்டு போயின, கடைசியில் பொறியாளர் பேட்டர்சன் இரண்டையும் சுட்டார். 135 பேரைக் கொன்றதாக அவர் பிற்பாடு சொன்ன கணக்கு மிகை. சிங்கங்களின் முடியையும் எலும்பையும் சோதித்த ஆய்வு, தின்றது சுமார் 35 பேர் என்று மதிப்பிடுகிறது. பதப்படுத்தின சிங்கங்கள் இப்போது சிகாகோவில் இருக்கின்றன.

நைரோபியில் நீங்கள் பார்க்கக்கூடியது வேறொரு சம்பவத்தின் சாட்சி. 1900 ஜூனில் கிமா ஸ்டேஷனில் ஒரு சிங்கத்தைச் சுடுவதற்காக ரயில்வே போலீஸ் அதிகாரி சார்ல்ஸ் ரயால் ஒரு ரயில் பெட்டிக்குள் காத்திருந்து கண்ணயர்ந்துவிட்டார். சிங்கம் பெட்டிக்குள் ஏறி அவரை ஜன்னல் வழியாக இழுத்துப் போனது. அந்த 12ஆம் எண் பெட்டி ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். சிங்கத்துக்குப் பலியானவர்களைவிடப் பல மடங்கு பேர் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் விபத்திலும் செத்தார்கள். அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை என்பதால் அடுத்த பதிலில் எண்களோடு போடுகிறேன்.

இந்தியர்கள்தான் கட்டினாங்களாமே? நம்ம தமிழ் ஆளுங்களும் இருந்தாங்களா?

ரயில்வேயின் கணக்குப்படி இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 31,983 பேர். அதில் 2,493 பேர் இறந்தார்கள். 6,454 பேர் உடல் நலம் கெட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 16,312 பேர் ஒப்பந்தம் முடிந்தோ வேலை நீக்கப்பட்டோ ஊர் திரும்பினார்கள். 6,724 பேர் அங்கேயே தங்கினார்கள். அதாவது வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் செத்தோ உடம்பு உடைந்தோ போயிருக்கிறார்கள். பாதை நீளத்துக்குப் பிரித்தால் ஒவ்வொரு மைலுக்கும் 4 பேருக்கு மேல் சாவு.

பெரும்பாலோர் பஞ்சாபிகள், முஸ்லிம்களும் சீக்கியர்களும் இந்துக்களும், கராச்சியில் கப்பல் ஏறியவர்கள். தமிழர்களை வெள்ளைக்காரர்கள் கொண்டுபோனது இலங்கை, மலாயா, பர்மா, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பக்கம். மதராஸிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு 1860லேயே கப்பல் போயிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்க ரயிலில் நம்மவர் பங்கு பெரிதாக இல்லை. தமிழருக்கு உள்ள உண்மையான தொடர்பு வேறு மாதிரியானது, கீழே ஸ்ரீனிவாச சாஸ்திரி பற்றி வரும்.

அப்ப இங்க இருக்கிற குஜராத்திக் கடைக்காரங்க எல்லாம் அந்தத் தொழிலாளர்களோட பேரப்பிள்ளைங்களா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் இல்லை. தங்கிப்போன 6,724 பேரில் ஸ்டேஷன், பட்டறை, தச்சு, கொத்து வேலைகளில் இருந்தவர்கள் நிறைய. கடை வைத்தவர்கள் பெரும்பாலும் தனியே, சொந்தக் காசில், கட்ச், சௌராஷ்டிரம், குஜராத்திலிருந்து வந்தவர்கள். மொம்பாசா, ஸான்ஸிபாரில் முன்பே வியாபாரத் தொடர்பு இருந்தவர்கள். தண்டவாளம் நீள நீள அதன் பின்னாலேயே கடை போட்டுக்கொண்டு போனார்கள். கோவாக்காரர்கள் குமாஸ்தா வேலைக்கும் சமையலுக்கும் தையலுக்கும் வந்தார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கை உண்டு, அலிபாய் முல்லா ஜீவன்ஜி. கராச்சியில் பிறந்த போரா முஸ்லிம். ரயில்வேக்கு ஆளும் உணவும் சாமானும் சப்ளை செய்த காண்ட்ராக்டர். 1901ல் மொம்பாசாவில் ஒரு பத்திரிகை தொடங்கினார், அதை விற்ற பிறகு அதுவே ஈஸ்ட் ஆஃப்ரிக்கன் ஸ்டாண்டர்ட் ஆனது. நைரோபியின் ஆரம்பக் கட்டடங்கள், சந்தை, பூங்கா என்று பலதில் அவர் கை இருக்கிறது. சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட முதல் இந்தியரும் அவர்தான்.

யாருமே இல்லாத வெத்து நிலம்னு படிச்சேன். உண்மையா?

ஊர் இல்லை என்பது உண்மை. நிலம் யாருடையதும் இல்லை என்பது உண்மையில்லை. நைரோபிச் சமவெளி மாசாய்கள் மாடு மேய்த்த நிலம், ஆற்றங்கரை அவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டின இடம். மேற்கிலும் வடக்கிலும் செம்மண் மேட்டில் கிகுயுக்கள் விவசாயம் செய்தார்கள், கிழக்கே கம்பாக்கள். இரண்டு பக்கமும் வந்து பொருள் மாற்றிக்கொள்கிற எல்லைப் பகுதி இது.

அந்தச் சில வருஷங்களில் நிலம் காலியாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. 1890களில் மாட்டுக்குக் கோமாரியைவிடக் கொடிய வெக்கை நோய் வந்து மாசாய் மந்தைகளை அழித்தது, கூடவே அம்மை, பிறகு 1898, 99ல் பெரும் பஞ்சம். பாதி ஜனம் செத்தும் சிதறியும் போயிருந்த நேரத்தில் வந்தவர்கள் "இங்கே ஆளே இல்லை" என்று எழுதி வைத்தார்கள். 1902ல் சட்டம் போட்டு நிலத்தை அரசு சொத்தாக்கி வெள்ளையருக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், 1915ல் அந்தக் குத்தகை 999 வருஷமாக நீண்டது. 1904லும் 1911லும் மாசாய்களோடு ஒப்பந்தம் என்று போட்டு அவர்களை ரிஃப்ட் பள்ளத்தாக்கிலிருந்தும் பிறகு லைகிபியாவிலிருந்தும் வெளியேற்றினார்கள். வெற்று நிலம் என்கிற பேச்சை நாம் திரும்பச் சொல்லும்போது, நம்மை அறியாமல் அந்தச் சட்டத்துக்குச் சாட்சி சொல்கிறோம் என்பது என் எண்ணம். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இந்தியர் கடைத்தெருவைக் கொளுத்தினாங்கன்னு சொல்றாங்களே?

ஆமாம். 1902ல் பிளேக் வந்தது. சதுப்பு, சாக்கடை இல்லாமை, தகரக் கொட்டகையில் நெருக்கமாக வாழ்ந்த ஜனம், எலி. அதிகாரிகள் இந்தியக் கடைத்தெருவை அப்படியே எரித்துவிட உத்தரவிட்டார்கள். அதன் பிறகும் பிளேக் திரும்பத் திரும்ப வந்தது. ஊரையே வேறு மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்று மருத்துவர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் அதற்குள் பட்டறை, அலுவலகம், கடை என்று பணம் இறங்கிவிட்டதால் மாற்றவில்லை. ஐன்ஸ்வர்த் சதுப்பை வற்றவைக்க யூகலிப்டஸ் மரங்களை நட்டார்.

மோசமான விஷயம் அதற்குப் பின் நடந்தது. 1913ல் பேராசிரியர் சிம்ப்சன் என்ற சுகாதார நிபுணரை அழைத்து ஆலோசனை கேட்டார்கள், நோய் பரவாமல் இருக்க இனவாரியாகப் பிரித்துக் குடிவைக்க வேண்டும் என்றார். சாக்கடையும் குடிநீரும் கொடுக்க வேண்டிய இடத்தில் மனிதர்களைப் பிரிப்பதை வைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தலைநகர் ஆனது எப்ப?

1905ல் மொம்பாசாவிலிருந்து நிர்வாகம் மாறியது. 1906ல் ஜனத்தொகை சுமார் 11,500. 1919ல் முனிசிபாலிட்டி, 1950 மார்ச் 30ல் அரச பட்டயத்தோடு "சிட்டி". 1948 கணக்கெடுப்பில் 1.19 லட்சம் பேர், எல்லையை விரித்த பிறகு 1963ல் 3.4 லட்சத்துக்கும் மேல்.

அங்க நம்ம ரூபா செல்லுபடியாச்சாமே?

1920 வரை அங்கே பணம் என்றால் இந்திய ரூபாய்தான். சம்பளம், வரி, வாடகை எல்லாம் ரூபாயில். அப்புறம் கொஞ்ச நாள் ஃப்ளோரின், பிறகு ஷில்லிங். இந்தியத் தண்டனைச் சட்டமும் 1930 வரை அங்கே அமலில் இருந்தது. பிரிட்டன் இந்த நாட்டை ஆரம்பத்தில் பாதி இந்தியாவிலிருந்து நடத்தியது என்றே சொல்லலாம், பணம், சட்டம், சிப்பாய், குமாஸ்தா, கொத்தனார் எல்லாம் அங்கிருந்து. கடைக்கு "டுக்கா", ரொட்டிக்கு "சப்பாத்தி" என்று சுவாஹிலியில் சொல்வது இந்தத் தொடர்பின் மிச்சம்.

வெள்ளைக்காரருக்கு ஒரு ஏரியா, இந்தியருக்கு ஒரு ஏரியான்னு சட்டமாவே இருந்துச்சா?

சட்டம், பத்திர நிபந்தனை, வழக்கம் மூன்றும் கலந்தது. மேலே சொன்ன மண் கணக்கை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கிலும் வடக்கிலும் செம்மண் மேடு, காற்று, வடிகால் உள்ள இடம் ஐரோப்பியருக்கு. ரயில்வே ஸ்டேஷனுக்கு மேலே இருந்த குன்று, முத்தைகா போன்றவை. ஊர் நடுவில் கடைத்தெருவும், பிறகு ங்காரா, பார்க்லேண்ட்ஸின் ஒரு பகுதியும் இந்தியருக்கு. கிழக்கே, கரிசல் சமவெளியில், பட்டறைக்கும் சாக்கடைக்கும் பக்கத்தில் ஆப்பிரிக்கர்.

இந்தியர்கள் இதை எதிர்த்தார்கள், மேட்டு விவசாய நிலம் வாங்கத் தடை இருந்ததையும் எதிர்த்தார்கள். 1923ல் லண்டனில் இதற்கு ஒரு முடிவு எடுக்கக் கூடியபோது இந்திய சட்டசபையின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனவர் வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரி. வந்தது பிரிட்டிஷ் அரசின் டெவன்ஷயர் வெள்ளை அறிக்கை. நகரத்தில் இனவாரியாகப் பிரிப்பதைக் கைவிடுகிறோம் என்றது, ஆப்பிரிக்கர் நலனே முதன்மை என்றது, ஆனால் மேட்டு நிலம் வெள்ளையருக்கே என்றும் சொல்லிவிட்டது. சாஸ்திரியாருக்கு அது பலத்த ஏமாற்றம். 1929ல் இந்திய அரசு அவரைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே அனுப்பி அங்குள்ள இந்தியர்களின் கருத்தைக் கேட்டு வரச் சொன்னது.

நகரத்தில் பிரிவினை போனதா? காகிதத்தில் போனது. இடத்தைக் குத்தகைக்கு விடும் பத்திரத்தில் "இன்ன இனத்தார் குடியிருக்கக் கூடாது" என்று எழுதிவிட்டால் தனிச் சட்டம் தேவைப்படவில்லை.

ஆப்பிரிக்கர்களோட ஊர்லயே அவங்க எங்க இருந்தாங்க?

இந்த ஊரின் பெரிய அநியாயம் இங்கேதான் இருக்கிறது. ஆப்பிரிக்கர் நைரோபியில் குடியிருப்பவர் இல்லை, வேலைக்கு வந்திருப்பவர், வேலை முடிந்தால் கிராமத்துக்குத் திரும்ப வேண்டியவர் என்பதே காலனி அரசின் எண்ணம். அதனால் குடும்பத்துக்கான வீடு கட்டவில்லை. கட்டினதெல்லாம் தனி ஆணுக்குப் படுக்கை இடம். ரயில்வே தொழிலாளருக்கு முத்துர்வாவில் வரிசை அறைகள், 1920களின் தொடக்கத்தில் பும்வானியில் அரசு ஒதுக்கின குடியிருப்பு. அதற்கு முன் ஆப்பிரிக்கர்கள் தாங்களே உருவாக்கியிருந்த பங்கானி போன்ற கிராமங்களை ஒவ்வொன்றாக இடித்தார்கள். முதல் உலகப் போரில் சுமை தூக்கின படையினரின் முகாம் இருந்த இடம் கரியோகோர் என்று இன்றும் வழங்குகிறது. அந்தச் சுமைதூக்கிகள் பல்லாயிரம் பேர் போரில் பசியிலும் நோயிலும் செத்தார்கள்.

கிபாண்டே பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1915ல் சட்டம் போட்டு, போர் முடிந்ததும் அமல்படுத்தினார்கள். வயது வந்த ஒவ்வொரு ஆப்பிரிக்க ஆணும் கைரேகை, பெயர், எந்த முதலாளியிடம் எவ்வளவு சம்பளத்தில் எப்போது சேர்ந்தான், எப்போது விடப்பட்டான் என்று எழுதின தாளை வைத்திருக்க வேண்டும். தாள் ஒரு சின்ன உலோகக் குப்பிக்குள் இருக்கும், அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டு விடுவிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போக முடியாது. போலீஸ் கேட்கும்போது இல்லையென்றால் அபராதம் அல்லது சிறை. ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இது கிடையாது.

1922ல நோர்ஃபோக் ஹோட்டல் முன்னாடி துப்பாக்கிச் சூடுன்னு கேள்விப்பட்டேன், என்ன அது?

கிபாண்டே, கூடின வரி, குறைத்த கூலி இவற்றை எதிர்த்துப் பேசியவர் ஹாரி துக்கு, கருவூலத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பெண்களையும் சிறுமிகளையும் கட்டாய வேலைக்கு இழுப்பதையும் எதிர்த்தார். 1922 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். 16ஆம் தேதி போலீஸ் ஸ்டேஷன் முன் ஆயிரக்கணக்கில் ஜனம் கூடியது. ஆண்கள் கலையலாமா என்று தயங்கின நேரத்தில் மேரி முத்தோனி நியாஞ்சிரு என்ற பெண் முன்னால் வந்து, உங்களுக்குத் துணிச்சல் இல்லையென்றால் என் உடையை நீங்கள் கட்டிக்கொண்டு உங்கள் கால்சட்டையை எனக்குக் கொடுங்கள் என்று சத்தம் போட்டார். கூட்டம் நகர்ந்தது, போலீஸ் சுட்டது. முதலில் விழுந்தவர்களில் அவரும் ஒருவர். எதிரே இருந்த நோர்ஃபோக் ஹோட்டல் வராந்தாவில் இருந்த வெள்ளையர்களும் சேர்ந்து சுட்டதாகச் சாட்சிகள் சொன்னார்கள். அரசுக் கணக்கில் 21 பேர், ஜனங்கள் எண்ணினது அதைவிடக் கூட.

அந்த ஹோட்டல் 1904 கிறிஸ்துமஸ் அன்று திறந்தது, இன்றும் அதே இடத்தில் நடக்கிறது. துக்குவைத் தொலைவான கிஸ்மாயுவுக்கு நாடு கடத்தினார்கள், திரும்பி வர எட்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

இதுல இந்தியர்கள் எந்தப் பக்கம்? நேரா சொல்லுங்க.

இரண்டு பக்கமும் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்கருக்கு இல்லாத வசதிகள் இந்தியருக்கு இருந்தன. கடை வைக்கலாம், சொத்து வாங்கலாம், கிபாண்டே இல்லை. சம்பள அடுக்கில் நடுவில் நின்றார்கள், கீழே இருந்தவர்களிடம் சிலர் கடுமையாகவும் நடந்தார்கள். அந்தக் கசப்பு சுதந்திரத்துக்குப் பிறகும் இருந்தது.

அதே சமயம் துக்குவுக்குத் தன் அலுவலகத்தில் இடம் கொடுத்து உதவியவர் மணிலால் தேசாய் என்ற பத்திரிகையாளர். அடுத்து மக்கான் சிங். பஞ்சாபில் பிறந்து நைரோபியில் அச்சகத் தொழிலில் இருந்தவர், 1930களில் இன வித்தியாசம் இல்லாத தொழிற்சங்கத்தைக் கட்டினார். 1950ல் நைரோபிக்குச் சிட்டி பட்டயம் கொடுத்துக் கொண்டாடினபோது, தொழிலாளி வாழ வழியில்லாத ஊருக்கு என்ன கொண்டாட்டம் என்று அவரும் ஃபிரெட் குபாயும் புறக்கணிக்கச் சொன்னார்கள். ஊர் எல்லை விரிந்தால் இன்னும் நிலம் போகும் என்ற பயமும் ஜனங்களிடம் இருந்தது. ஏப்ரல் 23ல் கலோலேனி மன்றத்தில் நடந்த கூட்டத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு முழுச் சுதந்திரம் வேண்டும் என்று வெளிப்படையாகத் தீர்மானம் கொண்டுவந்தவர் மக்கான் சிங். மே மாதம் கைது, நைரோபி முழுக்க வேலைநிறுத்தம். அவரை 1961 வரை விடவில்லை. நைரோபிக்கு வருகிற இந்தியர்கள் ஜீவன்ஜியின் பெயரைக் கேள்விப்படுகிற அளவுக்கு இவரைக் கேள்விப்படுவதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

மாவ் மாவ் காலத்துல நைரோபியில என்ன நடந்துச்சு?

மாவ் மாவ் என்பது காலனி ஆட்சியை எதிர்த்து, பெரும்பாலும் கிகுயுக்கள் நடத்தின ஆயுதப் போராட்டம். அதை அடக்க 1952 அக்டோபரில் அவசரநிலை. போராட்டத்துக்கு ஆளும் பணமும் ஆயுதமும் நைரோபியிலிருந்து போகிறது என்று அரசு கருதியது. 1954 ஏப்ரல் 24 விடிகாலையில் "ஆன்வில்" என்ற பெயரில் ஊரையே ராணுவத்தால் சுற்றி வளைத்து, குடியிருப்பு குடியிருப்பாகப் புகுந்து, கிகுயு, எம்பு, மேரு இனத்தவர்களைத் தனியே பிரித்தார்கள். முகம் மூடின ஆட்காட்டிகள் தலையாட்டினால் ஒருவர் முகாமுக்குப் போக வேண்டியதுதான். 20,000க்கும் மேற்பட்டோர் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஊரில் வாழ அனுமதி உள்ளவர், இல்லாதவர் என்று கிபாண்டே காலத்தில் தொடங்கின பிரிப்பின் உச்சம் இது.

பழைய ஊரைப் பார்க்கணும்னா எங்க போகலாம்?

ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள், மேலே சொன்ன ரயால் பெட்டி அங்கேதான். அப்புறம் ஜீவன்ஜி பூங்கா. 1906ல் அவர் ஊருக்குக் கொடுத்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே பல மாடிக் கட்டடம் கட்டப் பார்த்தார்கள், ஜீவன்ஜி குடும்பத்தாரும் பொதுமக்களும் எதிர்த்துத் தடுத்தார்கள். இப்போதும் மதிய நேரத்தில் பிரசங்கமும் அரசியல் வாதமுமாக இருக்கும். பக்கத்திலேயே பியஷாரா தெரு, பழைய இந்தியன் பஜார், துணிக்கடைகள் இன்னும் நிறைய.

கென்யாட்டா அவென்யூவில், அதாவது பழைய டெலமேர் அவென்யூவில், மூன்று வெண்கலச் சிலைகள் நிற்கும், முதல் போரில் போன ஆப்பிரிக்க, அரபு வீரர்களுக்காக. அதில் ஒருவர் சுமைதூக்கி. கீழே எழுதியிருப்பதை நின்று படியுங்கள், நாட்டுக்காகப் போரிட்டு நீ இறந்தாலும் உன் பிள்ளைகள் உன் பெயரை நினைப்பார்கள் என்று இருக்கும். அந்தச் சுமைதூக்கிகள் பலரின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. பண்டா தெருவில் ஜாமியா மசூதிக்குப் பக்கத்தில் மக்மில்லன் நூலகம், 1931ல் திறந்தது, 1958 வரை வெள்ளையர் மட்டும் நுழைந்த இடம்.

கிபேரா மாதிரி குடிசைப் பகுதிக்கு வெள்ளைக்காரனைக் குறை சொல்றது சரியா? அறுபது வருஷம் ஆச்சே.

அறுபது வருஷத்தில் வந்த அரசுகளுக்கும் நிலத்தரகர்களுக்கும் பொறுப்பு உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடிப்படை எப்படிப் போடப்பட்டது என்று பாருங்கள். தொழிலாளி வேண்டும், குடும்பம் வேண்டாம் என்று ஐம்பது வருஷம் ஊரை நடத்தியிருக்கிறார்கள். 1948ல் காலனித் தலைநகருக்கென்று பெருந்திட்டம் போட்டபோதும் இருக்கிற பிரிவுகளைத் தொடவில்லை. 1963ல் ஆப்பிரிக்கர் நடமாட்டத்துக்கு இருந்த தடைகள் போனதும் ஜனம் வந்தது, குடும்பமாக வந்தது. செம்மண் மேட்டில் ஒரு ஏக்கருக்கு ஒரு பங்களா என்கிற அளவில் இருந்த இடங்கள் பழைய வெள்ளையரிடமிருந்து புதுப் பணக்காரருக்குப் போயின. வந்த ஏழைக்குக் கிடைத்தது ஆற்றோரமும் ரயில் ஓரமும்தான்.

கிபேரா இதில் தனிக் கதை. பிரிட்டிஷ் படையில் இருந்த நூபிய சிப்பாய்களைக் குடிவைக்க 1900களின் தொடக்கத்தில் ஊருக்குத் தென்மேற்கே காட்டு நிலத்தை ஒதுக்கினார்கள், சுமார் 4,200 ஏக்கர். பட்டா கொடுக்கவில்லை. "இருந்துகொள்ளுங்கள்" என்று வாய்வார்த்தைதான். இவர்கள் சூடான் பக்கத்து ஆட்கள், இந்நாட்டு இனம் இல்லை, ஆகவே பூர்வீக நிலம் என்று எதுவும் ஒதுக்க முடியாது என்று காலனி அரசு கைவிரித்தது. சுதந்திர அரசும் அதே வாதத்தைத் தொடர்ந்தது. நிலம் துண்டு துண்டாக வேறு குடியிருப்புகளுக்குப் போய்க்கொண்டே இருந்தது, மிஞ்சின இடத்தில் பட்டா இல்லாததால் யாரும் கல் கட்டடம் கட்டத் துணியவில்லை, தகரமும் மண்ணுமாக வாடகைக் கொட்டகைகள் பெருகின. நூபியர்களுக்குச் சமுதாய நிலம் என்று பட்டா கிடைத்தது 2017ல், 288 ஏக்கருக்கு.